கலவைக்கீரை பறிக்கப் போகும் முன்

போன கார்த்திகையில் மழை விட்ட மறுவாரம், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைக் காலிமனை முழுக்கப் பச்சை. வருஷம் பூராவும் உடைந்த செங்கல்லும் பழைய டயரும் கிடக்கிற இடம் அது. பத்து நாள் மழைக்கு அப்புறம் பார்த்தால் குப்பைக்கீரை முழங்கால் உயரம் நிற்கிறது, தரையோடு தரையாகப் பருப்புக்கீரை படர்ந்திருக்கிறது, சுவரோரம் மூக்கிரட்டை, கம்பிவேலி மேல் கோவைக்கொடி. எங்கள் ஆயா இருந்திருந்தால் முந்தானையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நான் பறிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா பறித்தார். மூக்கிரட்டை கிட்னிக்கு நல்லது என்று யாரோ பேசின வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு துணிப்பை நிறைய வேரோடு பிடுங்கி வந்திருந்தார். "அக்கா, அதை சமைக்காதீங்க" என்றேன். "ஏன், இது மூக்கிரட்டை இல்லியா?" என்று கேட்டார். மூக்கிரட்டைதான். செடியை அவர் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். அந்த மனையில் முளைத்தது என்பதுதான் சிக்கல். அன்றைக்கு வாசற்படியில் நின்று அவருக்கு நான் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தானாக முளைக்கிற கீரையை நம் சாப்பாட்டில் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று மனதார நினைக்கிறவள் நான். அதனாலேயே இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆயா பிறந்தது பொன்னேரி பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி கொருக்குப்பேட்டைக்கு வந்தும், நடவுக்கும் களையெடுப்புக்கும் ரயில் ஏறிப் பிறந்த ஊருக்குப் போய்விடும். சாயங்காலம் வரும்போது மடியில் கீரை இருக்கும். ஒரே கீரை இல்லை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரைத் தளிர், கோவைக்கொழுந்து, கொஞ்சம் பருப்புக்கீரை, புளிப்புக்கு ஒரு பிடி புளியாரை என்று எல்லாம் கலந்து கிடக்கும். திருவள்ளூர், செங்கல்பட்டு, வேலூர் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கலவைக்கீரை என்றாலே நாக்கில் வந்துவிடும். களையெடுக்கப் போன இடத்தில் களையையே குழம்புக்குக் கொண்டுவருகிற சமையல் அது. காசு கொடுத்து வாங்கினதில்லை.

அந்தக் கீரையை முறத்தில் கொட்டி ஆயும்போதுதான் நான் கற்றுக்கொண்டேன். ஆயா ஒவ்வொரு தண்டையும் ஒடிக்கும். ஒடித்த இடத்தில் பால் வருகிறதா என்று பார்க்கும். பருப்புக்கீரைக்கு நடுவில் அம்மான் பச்சரிசி வகையைச் சேர்ந்த, தரையில் படரும் சின்னச் செடிகள் கலந்து வந்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் சிவப்புத் தண்டு, இரண்டும் தரையில் வட்டமாகப் படர்ந்திருக்கும். ஆனால் பருப்புக்கீரையின் இலை கனமாக, விரலில் நசுக்கினால் தண்ணீர் கசிகிற மாதிரி இருக்கும். தண்டை ஒடித்தாலும் தெளிந்த சாறுதான். மற்றது மெல்லிய இலை, ஒடித்தால் வெள்ளையாகப் பால். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரியும், வயிற்றுக்குள் போனால் குமட்டும். "பால் வந்தா ஓரமா போடு" என்பதுதான் ஆயா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அம்மான் பச்சரிசிக்கு வைத்தியத்தில் ஓர் இடம் இருக்கிறது, அது வேறு கதை. கீரைச்சட்டிக்குள் அது வரக்கூடாது.

இன்னொன்று குப்பைமேனி. பேரும் குப்பை, முளைக்கிற இடமும் குப்பைக்கீரைக்குப் பக்கத்திலேயே. இளசாக இருக்கும்போது அவசரத்தில் கை இரண்டையும் சேர்த்துப் பறித்துவிடும். இலையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பாருங்கள். குப்பைக்கீரை இலையின் விளிம்பு வழவழவென்று வெட்டில்லாமல் ஓடும், நுனியில் நகத்தால் கிள்ளின மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். குப்பைமேனியின் விளிம்பு ரம்பப்பல், பூக்கதிரில் குட்டிக் கிண்ணம் மாதிரி பச்சைச் செதில்கள் அடுக்கியிருக்கும். குப்பைமேனியைக் கீரையாகக் கடைந்து சாப்பிட்டால் வாந்தியும் பேதியும் வரலாம்.

கோவைக்கொடியில் அந்தக் குழப்பம் குறைவு. வெள்ளைப் பூ, பச்சையில் வெள்ளை வரி ஓடின காய், பழுத்தால் முழுச் சிவப்பு. ஆனால் அதே வேலியில் ஐவிரலி என்று ஒரு கொடி ஏறும். இலை ஐந்து விரலாகப் பிரிந்திருக்கும், உருண்டையான காய் சிவப்பாகப் பழுத்த பிறகும் அதன் மேல் வெள்ளைக் கோடு அப்படியே நிற்கும். அந்தக் காய் விஷம். பார்க்க அழகாக இருப்பதால் குழந்தைகள் கை வைத்துவிடும். முடக்கத்தான் இன்னும் சுலபம். காற்றடைத்த காயைப் பிய்த்தால் உள்ளே கறுப்பு விதை, அதன் மேல் வெள்ளையாக இதய வடிவத்தில் ஒரு முத்திரை. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் வராது. தோசைமாவில் அரைத்துச் சேர்த்தால் கசப்பு அடங்கிவிடும். முதல் தடவை கொஞ்சமாகச் சேருங்கள், வயிற்றை இளக்கும்.

ஊமத்தையை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். பூவும் முள்ளுக்காயும் வந்தால் எல்லோருக்கும் தெரியும். பூ வராத இளஞ்செடி கீரைக்கட்டில் கலந்தால் தெரியாது. கசக்கினால் நெடி அடிக்கும், இலை அடியில் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. தின்றுவிட்டால் வாய் உலர்ந்து, கண்ணின் பாப்பா விரிந்து, ஆள் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார். அப்போது உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிட்டே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி. மிச்சமிருக்கிற இலையையும் சமைத்ததையும் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

"புழு கடித்திருக்கு, அப்போ நல்ல இலைதான்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. எருக்கிலையைப் போய்ப் பாருங்கள், வரிவரியாக ஒரு புழு உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கும், அது நிம்மதியாகப் பட்டாம்பூச்சியாகிப் பறந்தும் போகும். எருக்கிலையை நாம் மென்றால் ஆஸ்பத்திரிதான். ஆடு மேய்ந்தது, மாடு மேய்ந்தது என்பதும் இதே கணக்கில்தான் சேரும். அவற்றின் வயிறு வேறு. அப்புறம், மழைக்குக் கிளம்புகிற காளான் பக்கம் போகவே போகாதீர்கள். அதைப் பார்த்துச் சொல்ல ஆயாவுக்கே தைரியம் வந்ததில்லை.

சரி, செடி தெரிந்துவிட்டது. இனிமேல்தான் எங்கள் வடசென்னைக்காரர்களுக்கான விஷயம்.

எனக்கு இது உறைத்த நாளைச் சொல்கிறேன். ஊரடங்கு சமயம். காய்கறி வண்டி ஒழுங்காக வராத நாட்கள். கொருக்குப்பேட்டை பக்கம் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் பொன்னாங்கண்ணி தளதளவென்று கிடந்தது. நல்ல கொழுந்து, பூச்சி இல்லை, வெள்ளைப் பூ இலைக்கக்கத்தில் சரியாக இருந்தது. செடியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு கூடை பறித்து வந்து மூன்று தண்ணீர் அலசி அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் அடுப்படியில் மண்ணெண்ணெய் வாடை. கேஸ் கசிகிறதோ என்று சிலிண்டரை மூடிவிட்டுப் பார்த்தேன். வாடை சட்டிக்குள்ளிருந்து வந்தது. மூடியைத் திறந்தபோது தண்ணீரின் மேல் மெல்லியதாக வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. அம்மா எதுவும் பேசாமல் சட்டியை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டினார். அன்று முழுக்க எனக்கு ஆயா ஞாபகம்தான். ஆயாவிடம் கற்றது அத்தனையும் சரியாக இருந்தும் அந்தக் கீரை விஷமாகிவிட்டதே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

அந்த எண்ணெயாவது வாடையைக் காட்டிக்கொடுத்தது. வாடையே இல்லாதவைதான் அதிகம். ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் மண்ணில் மக்கிப் போவதில்லை. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நின்றது. ஆனால் அதற்கு முன் எத்தனையோ வருஷம் வண்டிப்புகையில் வந்து விழுந்த ஈயம் பெரிய சாலைகளின் ஓரத்து மண்ணில் இன்னும் கிடக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்று விதி போட்டது 2016-இல்தான். அதற்கு முன்னால் அடித்த பெயிண்டோடு இடித்த வீட்டின் கட்டடக் குப்பை எங்கே கொட்டப்படுகிறது? எங்கள் தெருமுனை மாதிரி காலிமனையில். அக்காவின் மூக்கிரட்டை முளைத்தது அந்தக் குவியலில்தான். போதாததற்கு வேரோடு பிடுங்கியிருந்தார். வேரில் ஒட்டின மண்ணை எத்தனை தடவை அலசினாலும் முழுக்கப் போகாது.

கீரையின் குணமே மண்ணில் இருப்பதை வேகமாக உறிஞ்சி இலைக்கு ஏற்றுவதுதான். இரும்பும் கால்சியமும் நிறைய இருக்கிறது என்று நாம் கீரையைக் கொண்டாடுகிறோமே, அதே வழியில்தான் காட்மியமும் ஏறும். தண்டுக்கீரை, குப்பைக்கீரைக் குடும்பம் இதில் கொஞ்சம் கூடுதல் கெட்டி. ஈயம் பெரும்பாலும் தூசியாக இலை மேலேயும் வேரிலேயும் நிற்கும், நன்றாகக் கழுவினால் ஒரு பங்கு போகும். செடிக்குள் ஏறிவிட்டது கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைப்பது கிருமியையும் புழு முட்டையையும் கொல்லும், உலோகத்தை எந்தக் கொதியும் ஒன்றும் செய்யாது. ஒரு நாள் தின்றால் ஒன்றும் தெரியாது. மாசக்கணக்கில் உடம்பில் சேர்ந்து சிறுநீரகத்தில் கை வைக்கும். குழந்தைகளுக்கு ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சத்துக்காக ஊட்டுகிற கீரையால் அப்படி நடந்தால் எந்தத் தாய்க்கும் தாங்காது.

அதனால் நான் கை வைக்காத இடங்கள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றி எங்கேயும் வேண்டாம், அதன் மேலே புகை, அடியில் கழிவு நீர். மணலியில் தொழிற்சாலைச் சுவர் ஓரம், கால்வாய்க் கரை, லாரி போகிற சாலை ஓரம், மெக்கானிக் ஷெட் பின்பக்கம், பழைய பேட்டரி உடைக்கிற இடம், இவை எல்லாமே வேண்டாம். தண்டவாளத்து ஓரமும் வேண்டாம், அங்கே களைக்கொல்லி அடிப்பார்கள். எண்ணூர் கழிமுகத்தில் உமரி முளைக்கும், குண்டுகுண்டாக உப்புக்கரிக்கிற இலை. கடலோரத்து ஜனங்கள் அதைப் பறித்துச் சமைத்தது உண்டு. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததையும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் கழிமுகம் முழுக்க எண்ணெய் மிதந்ததையும் எங்கள் பக்கத்து ஆட்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளினார்கள். அந்தச் சேற்றில் முளைக்கிற உமரியை நான் எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவேன்? ஒரு கீரையை நம்மிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்படியானால் பறிக்கவே கூடாதா என்றால், நான் பறிக்கிறேன். மாசத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து தை வரைக்கும் இரண்டு முறை, தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுவேன். எண்ணூர், அத்திப்பட்டு தாண்டி மீஞ்சூரும் போன பிறகுதான் ஜன்னலில் வயல் தெரிய ஆரம்பிக்கும். பொன்னேரியில் இறங்கி ஆயாவின் சொந்தக்காரப் பெரிம்மா வீட்டுக்குப் போவேன். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு பறிக்க முடியாது. போன முறை ஒரு வரப்பில் பண்ணைக்கீரை நன்றாக இருக்கிறதே என்று உட்காரப் போனேன், பெரிம்மா அங்கிருந்தே கத்தினார்: "அந்தாண்ட கைய வைக்காதமா, முந்தாநேத்துதான் அந்தக் கொல்லைக்கு மருந்து அடிச்சாங்க!" அந்த வரப்பும் இந்த வரப்பும் பார்வைக்கு ஒன்றுதான். கொல்லைக்காரரைக் கேட்காமல் தெரிய வழியே இல்லை. எப்போது மருந்து அடித்தார்கள், களைக்கொல்லி போடுவார்களா, பக்கத்தில் எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நிலத்தில் இறங்க அவர் அனுமதியும் வேண்டும், கேட்டால் மனதாரக் கொடுப்பார்கள்.

பறிக்கும்போது கொழுந்தை மட்டும் கிள்ளுகிறோம். வேர் இருந்தால் இன்னொரு வாரத்தில் திரும்பத் துளிர்க்கும், மண்ணும் கூட வராது. வேறு வேறு கீரையை வேறு வேறு கட்டாக வைத்துக்கொண்டு, வீட்டில் ஆய்ந்து முடித்த பிறகுதான் கலக்க வேண்டும். பறிக்கும்போதே கலந்துவிட்டால் தப்பாக வந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சாரணையை இளசாக மட்டும் எடுப்பேன், முற்றினது வயிற்றைக் கலக்கும். முதல் தடவை சாப்பிடுகிற கீரை என்றால் அதை மட்டும் தனியாக, ஒரு கைப்பிடி, நன்றாக வேகவைத்து, மறுநாள் வரை பொறுத்துப் பார்க்கிறோம்.

கடைசல் செய்முறை ரொம்ப எளிது. துவரம்பருப்பு பாதி வெந்ததும் கீரை, பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் புளி போட்டு, திறந்த சட்டியில் வேகவிட்டு, மத்தால் கடைந்து, வடகம் தாளித்துக் கொட்டினால் போதும். கேழ்வரகுக் களியில் நடுவே குழி பறித்து ஊற்றிச் சாப்பிட வேண்டும். பருப்புக்கீரையிலும் குப்பைக்கீரையிலும் கல் உண்டாக்குகிற ஆக்சலேட் என்ற உப்பு அதிகம் என்பதால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் கீரையைத் தனியாக வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். சாப்பாட்டில் தயிரோ மோரோ சேர்த்துக்கொள்ளுங்கள், அதிலிருக்கிற கால்சியம் ஆக்சலேட்டை வயிற்றிலேயே பிடித்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, கீரையிலிருக்கிற வைட்டமின் கே மாத்திரையோடு மல்லுக்கட்டும், டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. மேலே நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும்.

இதெல்லாம் எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று என் தம்பி கேட்பான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. கீரை மட்டும் அதைத் தீர்த்துவிடாது, மாத்திரை வேண்டியவர்களுக்கு மாத்திரை வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் பல வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள்கூடக் கீரை கிடையாது. ஒரு கட்டு 20 ரூபாய்க்கு வாங்கி, ஆய உட்கார நேரமும் இல்லை. களையாக முளைக்கிற பருப்புக்கீரையில் மீனில் இருக்கிற ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஒரு கொழுப்பு இருக்கிறது, கீரைகளில் அது இவ்வளவு இருப்பது அபூர்வம். அப்படிப்பட்டதைக் காலில் மிதித்துப் போகிறோம்.

எதிர்வீட்டு அக்காவுக்கு அன்றைக்கு நான் இன்னொரு வழியும் சொன்னேன். பொன்னேரியிலிருந்து வரும்போது விதை முற்றின குப்பைக்கீரைக் கதிர் இரண்டும், பருப்புக்கீரைத் தண்டு நாலும் கொண்டுவந்து மாடியில் தொட்டியில் போட்டிருக்கிறேன். நல்ல செம்மண், சாணி எரு, குடிக்கிற தண்ணீர். தண்டைச் செருகின நாலாம் நாள் துளிர் வந்தது. அக்காவும் பழைய அரிசிச் சாக்கில் போட்டு இப்போது மூன்றாவது பறிப்பு பறித்துவிட்டார். அவர் மகள் ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முறத்தில் போடுகிறாள்.

போன முறை பெரிம்மாவின் மடியில் எனக்குத் தெரியாத ஒரு கீரை இருந்தது. நீள இலை, மெல்லிய முடி, கசக்கினால் லேசாக எள் வாசனை. பேர் கேட்டேன். "பேரு தெரியாதுமா, எங்கம்மா பறிக்கும், நானும் பறிக்கிறேன்" என்றார். அவர் ஐம்பது வருஷமாகச் சாப்பிடுகிறார், அவர் கைக்கு அது தெரியும். என் கைக்குத் தெரியாது. அதை மட்டும் எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டு மற்றதைப் பையில் போட்டுக்கொண்டேன். "தையில பூ உடும், அப்ப வந்து பாரு" என்றார். பூவையும் காயையும் பார்த்துவிட்டு, அவரோடு உட்கார்ந்து நாலு தரம் பறித்த பிறகு சமைக்கலாம் என்றிருக்கிறேன்.